விலாசம் கேட்டு வந்தவர்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சித்திக்கு,

அம்மாவின் பிரஷர் சுகம், என் கணிதப் புள்ளிகள் சுகமில்லை, மற்றபடி எல்லாரும் நலம். இந்தக் கடிதத்தை நீங்கள் நின்றுகொண்டுதான் பிரிப்பீர்கள் என்று தெரியும். ஆகவே முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். அவருக்கு உங்கள் விலாசம் கிடைக்கவில்லை. இனி அந்த வழியால் கிடைக்கவும் மாட்டாது. இப்போது ஒரு கதிரையில் இருந்து வாசியுங்கள்.

வழக்கம்போல் இதை, எங்களிடமும் உங்களிடமும் வந்துபோகிற நேசம் அன்ரியின் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். உறையில் உங்கள் ஊரை எழுதவில்லை, உள்ளேயும் எழுதமாட்டேன். குளிரான இடம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அம்மா இரண்டு ஸ்வெட்டர் அனுப்புகிறா. பச்சை நிறத்துக்கு நான் பொறுப்பில்லை.

போன கிழமை உங்கள் ஒன்றியத்துச் செயலாளர் ஹபீலா டொக்டர் திடீரென்று போன் எடுத்தபோது பயந்திருப்பீர்கள். அதற்குக் காரணம் நான்தான். முழுவதையும் கேட்டுவிட்டுப் பிறகு ஏசுங்கள்.

இந்த வருடம் பல் வைத்தியர் ஒன்றியத்தில் உறுப்புரிமையைப் புதுப்பித்தீர்கள் அல்லவா? புது வேலைக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயம், அது தபாலில்தான் வரும், ஆகவே புது விலாசத்தையும் புது நம்பரையும் கொடுத்தீர்கள். அதில் பிழையே இல்லை. பிழை விட்டது ஒன்றியம். ‘புதுப்பித்தாயிற்று, நன்றி’ என்ற குறுந்தகவலை உங்கள் பெயரில் பழைய காலத்தில் பதிந்திருந்த நம்பருக்கு அனுப்பிவிட்டார்கள். கலியாணம் முடித்த புதிதில் உங்களுக்காக விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் யார், தன் நம்பரைப் போட்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவரைச் சித்தப்பா என்று எழுத என் பேனை மறுக்கிறது. ராகுலன் அவர்கள் என்றே எழுதுகிறேன்.

ராகுலன் அவர்கள் அன்று பின்னேரமே ஒரு பை கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு எங்கள் பிளாட்டுக்கு வந்தார். உங்கள் கை கதவில் அடிபட்டு முறிந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாரே, அதே இனிப்புக் குரலில் அம்மாவிடம் போனைக் காட்டினார். நிரஞ்சலா ஒன்றியத்தில் பதிந்திருக்கிறா, விலாசமும் கொடுத்திருப்பா, அங்கே தனக்கு எல்லாரையும் தெரியும், போய்க் கேட்டால் தருவார்கள் என்றார். அவர் படியிறங்கிய பிறகு அம்மா குசினியில் போய் நின்றுகொண்டா. அழுதாவோ தெரியாது, தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. மாம்பழத்தை அவ தொடவில்லை. நான் தொட்டேன். பழம் என்ன பிழை செய்தது?

அவருக்கு அங்கே எல்லாரையும் தெரியும் என்பது உண்மைதானே, சித்தி. பல் வைத்தியர்களுக்கு, நோயாளியைச் சாய்த்துவைக்கும் கதிரை விற்கிறவர். உறுப்பினர் புத்தகத்தின் பின்னட்டையில் வருடா வருடம் அவருடைய விளம்பரம்தான். அந்தப் புத்தகமும் ஒரு புத்தகமா? வீட்டு விலாசம், போன் நம்பர், சொந்த ஊர், பிறந்த திகதி, புருசன் பெயர் என்று ஆளுக்கு அரைப் பக்கம். பல் வைத்தியர்களைவிட வெள்ளவத்தைக் கலியாணப் புரோக்கர்மாரிடம்தான் அது அதிகம் இருக்கிறது. மாப்பிள்ளையின் கடைவாய்ப் பல்லைத் தவிர மற்றதெல்லாம் அதில் உண்டு.

அடுத்த நாள் ட்யூசன் இடைவேளையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. கேட்டால் தருவார்கள் என்றாரே, தருவார்களா என்று நானே கேட்டுப் பார்த்தால் என்ன? கொட்டாஞ்சேனையில் உள்ள ஒன்றியக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். குரலை மாற்றினேன்: தொண்டையில் கொஞ்சம் சளி, வாயில் கொஞ்சம் வெற்றிலை, ஊரில் இருந்து உங்கள் பெரியப்பா கதைக்கிறார். பிள்ளைக்கு ஒரு கலியாணக் காட் அனுப்பவேண்டும், விலாசத்தைத் தொலைத்துவிட்டேன் என்று இருமினேன். எடுத்தவர் அங்கே கிளார்க்காக இருக்கும் ஹியூபேட் அங்கிள். குரலிலேயே நல்ல மனிசன் என்று தெரிந்தது. பெரியப்பாவின் நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடை சொன்னார். பிறகு கம்பியூட்டரைத் தட்டி, எழுதிக்கொள்ளுங்கோ ஐயா என்று உங்கள் ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

முதல் எழுத்து வந்ததுமே போனை வெட்டிவிட்டேன். சித்தி, நான் எத்தனையோ பேருக்கு எடுத்து விளையாடியிருக்கிறேன். ஒரு நாளும் நானாக முதலில் வெட்டியதில்லை. பதினாறு வயதுப் பெட்டைக்கே கிடைக்கிற விலாசம் அவருக்குக் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மாவிடம் சொன்னேன். ஏச நேரமில்லாமல் செருப்பைப் போட்டா. இரண்டு பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கந்தோர் என்பது ஹபீலா டொக்டரின் கிளினிக்கோடு ஒட்டிய ஒரு அறை. அம்மா எல்லாவற்றையும் சொன்னா, கையையும் கதவையும்கூட. டொக்டர் ஹியூபேட் அங்கிளைக் கூப்பிட்டு யாருக்காவது விலாசம் சொன்னீர்களா என்று கேட்டா. இல்லை, பெரியப்பா மட்டும்தான் கேட்டார், சொல்ல முதல் லைன் கட்டாகிவிட்டது என்றார் அவர். நான் பெரியப்பாவின் இருமலை இருமிக் காட்டினேன். அங்கிளின் முகம் பல்லுக்கு ஊசி போட்டதுபோல் மரத்துவிட்டது.

பாவம், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வயதான மனிசன் உறவுமுறை சொல்லிக் கேட்டால் எப்படி இல்லை என்பது, இவ்வளவு காலமும் இப்படித்தானே கொடுத்தோம் என்றார். அதுதான் பிழை, ஹியூபேட், இவ்வளவு காலமும் நானும் யோசிக்கவில்லை என்று டொக்டர் சொன்னா. தன்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடித்தது.

பிறகுதான் பகிடி. உங்கள் பழைய நம்பரை அழித்துவிடும்படி அம்மா கேட்டா. அதை உறுப்பினர்தான் கேட்கவேண்டும், அக்காவுக்கு அந்த உரிமை இல்லை என்றா டொக்டர். என் தங்கச்சியின் விசயத்தில் எனக்கு உரிமை இல்லையா என்று அம்மா எழும்பியே விட்டா. டொக்டர் அசையவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் உங்களுக்கு எடுத்தா. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அம்மா முதலில் பொருமினா. பம்பலப்பிட்டி தாண்டியதும், எனக்கே சொல்லாதவ அவனுக்கும் சொல்லமாட்டா என்று தானாகவே சொல்லிச் சிரித்தா.

ஆனால் பெரியப்பா இருமியபோது என் வாயைப் பார்த்துவிட்டா டொக்டர். சூத்தைப் பல் ஒன்று இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை வரச் சொன்னா. தண்டனையா வைத்தியமா தெரியாது.

வெள்ளிக்கிழமை நான் கதிரையில் சாய்ந்து, ஊசி போட்டு, அரை முகம் மரத்து, வாயில் பஞ்சோடு கிடக்கிறேன். பக்கத்து அறையில் அந்த இனிப்புக் குரல் கேட்கிறது. ராகுலன் அவர்கள் கேக் பெட்டியோடு வந்திருக்கிறார். மனைவியின் பிறந்தநாள் வருகிறதாம், பரிசு அனுப்பவேண்டுமாம். வெள்ளவத்தை முழுக்க வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு, வாழ்க்கையில் வாய் தேவைப்பட்ட அந்த ஒரு நேரத்தில் வாய் இல்லை.

ஹியூபேட் அங்கிள் தன்னால் ஏலாது என்றார். ராகுலன் அவர்கள் சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்பியதே தான்தான் என்றார். பின்னட்டை விளம்பரத்தைப் பற்றியும் மெதுவாகச் சொன்னார். டொக்டர் கையுறையைக் கழற்றாமலே வெளியே போனா.

“நான் அவவின்ரை புருசன், டொக்டர்.”

“இருக்கலாம் சேர். ஆனா எங்கட மெம்பர் நீங்க இல்ல, அவங்க. அவங்க சொல்லாம அவங்கட ஒரு எழுத்தும் இங்க இருந்து வெளிய போகாது.”

அப்படியென்றால் இந்த முறை விளம்பரம் இல்லை என்றார். பின்னட்டை வெள்ளையாகவே வரட்டும், பல்லும் வெள்ளைதானே என்றா டொக்டர். சித்தி, அந்தப் பகிடி என்னுடையதாக இருந்திருக்கவேண்டும்.

உங்களைத் தன் சொத்து என்று நினைத்த மனிசன் பிடுங்கிய சூத்தைப் பல்போல வெளியே போனார். கேக்கை மேசையில் விட்டுவிட்டார். ஹியூபேட் அங்கிள் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தெருமுனை வரை ஓடி அவருடைய கார் ஜன்னலுக்குள் வைத்துவிட்டு வந்தார். மூச்சு வாங்க வந்து என்னைப் பார்த்து, பெரியப்பா இப்ப சந்தோசம்தானே என்றார். எனக்குப் பாதி முகத்தால்தான் சிரிக்க முடிந்தது. எச்சில் வழிந்தது வேறு.

இப்போது அங்கிளின் கம்பியூட்டரில் பெயரும் உறுப்புரிமை இலக்கமும் மட்டும்தான் தெரியும். எதை அச்சடிக்கலாம் என்று ஒவ்வொரு உறுப்பினரையும் புதிதாகக் கேட்கிறார்கள். புரோக்கர்மார் இனிப் பட்டினி. அம்மா நேற்று மத்தியானம் படுத்தவ, விளக்கு வைக்கும் நேரம்வரை எழும்பவில்லை. அவ இப்படி நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்து அடியும் வாங்கினேன்.

ஒன்று கேட்கிறேன், சித்தி. நேசம் அன்ரி சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னா. நீங்கள் படுக்க முதல் சாப்பாட்டு மேசையை இழுத்து வந்து வாசற்கதவோடு அணைத்து வைக்கிறீர்களாம். சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்து சாப்பிடுகிறீர்களாம். கதவைப் பூட்டுங்கள், கொக்கியும் போடுங்கள். ஆனால் மேசையை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் வைத்து, ஒரு நேரமாவது அதில் இருந்து சூடாகச் சாப்பிடுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று நேசம் அன்ரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அம்மா கேட்கிறா என்று எழுதத்தான் நினைத்தேன். கேட்பது நான்தான்.

நல்லாய் இருங்கோ, சித்தி.

உங்கள் மகள்தான்,
சாம்பவி