தலைமாட்டுப் பைபிள்

பிப்ரவரி 2, சனி

இன்று அறைச் சோதனை. கட்டிலின் தலைமாட்டில் பைபிள் இருக்க வேண்டும், தலையணையோடு விளிம்பு ஒட்டி, தட்டையாக. மாலுமிக் கல்லூரி விதி. பத்துக் கட்டிலுக்கும் நான் தலைவன், குறை எழுதுவதும் நான்தான். ஒன்பது பைபிள்கள் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தன. ஆர்னெலுடையது மட்டும் உப்பி, ஓரமெல்லாம் கருவாட்டு எண்ணெய். ‘அசுத்தம்’ என்று எழுதினேன், அதற்கொரு கரும்புள்ளி.

“வாசிச்சா அழுக்காகத்தான்டா செய்யும்,” என்றான் ஆர்னெல்.

“அப்ப காட்டுறதுக்கு வேற ஒண்ணு வாங்கி வை.”

பிப்ரவரி 9, சனி

மறுபடியும் அதே பைபிள். எழுதினேன். விட்டால் விடுதி அதிகாரி என்னைப் பிடிப்பார்.

பிப்ரவரி 11

கப்பல் பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் வந்தது. ஆர்னெல் பெயரை அடித்திருக்கிறார்கள். பத்துக் கரும்புள்ளிக்கு மேல் போனால் கப்பல் கிடையாது. அவனுக்குப் பதினொன்று. அவன் இடத்தில் என் பெயர்.

கடவுளே, நான் இதைக் கேட்கவில்லையே. கேட்டேனா?

பிப்ரவரி 12

அதிகாரியிடம் போய்க் கெஞ்சினேன். “நீ எழுதினதைத்தானப்பா சேத்தோம்,” என்றார்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஆர்னெல் படிப்பை விட்டுவிட்டான். கிமாராஸ் தீவுக்குப் படகேறினான், அப்பாவோடு மீன்பிடிக்க. பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறை வரை போனேன்.

“பரீட்சைக் கேள்வி பதில் தவிர நீ எதுவும் வாசிச்சதில்ல. கப்பல்ல ஒன்பது மாசம் என்ன மச்சான் பண்ணுவ?” என்று சிரித்தான்.

திட்டியிருக்கலாம். பாவி, திட்டியிருக்கலாம்ல.

மார்ச் 6, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். ஜெபம் வரவில்லை. ‘ஆண்டவரே’ என்கிறேன், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் பைபிளைத் திறந்தேன். பொன் பூசிய ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிய்த்த சத்தத்துக்குப் பக்கத்துக் கட்டில்காரன் திரும்பிப் பார்த்தான். வெட்கமாக இருந்தது.

வாசித்தேன். ஒன்றும் ஏறவில்லை. வசனத்துக்குக் கீழே சரியான விடையைத் தேடுகிறது கண்.

மார்ச் 7

சங்கீதங்கள். ஒட்டிய இடமெல்லாம் கிழிகிறது. ஒருவன் ‘எத்தனை காலம், ஆண்டவரே’ என்று கதறுகிறான். அவனுக்கும் பதில் அச்சாகவில்லை. அழுதேன், பக்கம் நனைந்தது.

மார்ச் 9, சனி

சோதனை. என் பைபிள் மூடவே மாட்டேன் என்கிறது. மெத்தைக்கடியில் வைத்து அமுக்கச் சொன்னார்கள் பையன்கள். வைக்கவில்லை.

எனக்கு ஏற்கெனவே பத்துக் கரும்புள்ளி.

“இது யாருது?” என்றார் அதிகாரி.

“என்னோடதுதான், சார்.”

குறைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘அசுத்தம்’ என்று நானே எழுதினேன்.