அண்ணன் பிரித்த மூன்று டிரைவ்கள்

என் அன்பு அண்ணா,

உன் கம்ப்யூட்டருக்குப் போன மாதம் புது விண்டோஸ் போட்டேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் மகள் ஷாரோன் காலேஜில் சேர்ந்துவிட்டாள். புராஜெக்ட் செய்ய உட்கார்ந்தால், அது ஆன் ஆவதற்குள் அவள் சாப்பிட்டே முடித்துவிடுகிறாளாம். "நீதான ஆஸ்பத்திரி ஆபீஸ்ல நாள்பூரா கம்ப்யூட்டரோட இருக்கிற, வந்து பாரேன்" என்று அண்ணி கூப்பிட்டார். வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினேன்.

அந்த ஹார்ட் டிஸ்க்கை மூன்றாகப் பிரித்தவன் நீ. ஷூ கம்பெனி கட்டிங் சூப்பர்வைசர் வேறு எப்படிப் பெயர் வைப்பான்? விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்கு ஷூவின் அடிப்பாகமான சோல், உன் வேலைக்கு மேல்பாகமான அப்பர், போட்டோக்களுக்கு உள்பக்கம் ஒட்டும் லைனிங். "சோல் தேயும், கழட்டிட்டுப் புதுசு போட்டுக்கலாம். முக்கியமானது எதையும் அதுல வைக்காதீங்க" என்று எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொன்னாய்.

இன்ஸ்டால் செய்யும்போது மூன்று பெயரும் வரிசையாக வந்தன. சோலை மட்டும் தேர்ந்தெடுத்து பார்மட் கொடுத்தேன். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றது திரை. அண்ணியைப் பார்த்தேன். "அதுல ஒண்ணும் இருக்காது, அவர்தான் அவ்ளோ சொல்லுவாரே" என்றார். ஓகே கொடுத்தேன்.

சாயங்காலம் ஷாரோன் வந்தாள். "அத்தை, டெஸ்க்டாப்ல அப்பா பாடுனது இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

சர்ச் கொயரில் பேஸ் என்கிற கனத்த அடிக்குரலில் பாடுகிறவர்கள் பழகுவதற்காக நீ பாடிப் பதிந்து வைத்தவை. டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் போய்ச் சேரும் என்று உனக்குத் தெரியாதா அண்ணா? உன் போன் விபத்திலேயே நொறுங்கிவிட்டது. கொயர்க்காரர்களும் தேடிப் பார்த்தார்கள். உன் குரல் இப்போது எங்களிடம் எங்கேயும் இல்லை.

வேலூர் லாங் பஜாரில் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் டிஸ்க்கைக் காட்டினேன். "அது மேலயே புது விண்டோஸ் ஏறிடுச்சு மேடம், கிடைக்காது" என்றார்.

அண்ணி அழவில்லை. உன்னைத்தான் திட்டினார். "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, அவரே அங்க வெச்சிருக்காரு பாரு!" நானும் தலையாட்டினேன். போனில் பேசும்போதெல்லாம் அவர் அதைச் சொல்வதும் நான் ஆமாம் போடுவதுமாகத்தான் நாள் ஓடுகிறது.

ஆனால் அந்த போல்டரை நான் பார்த்தேன், அண்ணா. பழைய விண்டோஸை மூடுவதற்கு முன்பே பார்த்தேன். 'பேஸ்' என்று எழுதியிருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்றும் தெரிந்தது. திறந்தால் நீ பாடுவாய். எனக்குப் பயமாக இருந்தது. அப்படியே இழுத்து அடுத்த டிரைவில் போட ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அதைத் தொடாமலிருக்க உன் பேச்சைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணியிடம் சொல்லிவிடுவேன். இனிமேல் அவர் திட்ட வேண்டியது என்னை.

உன் தங்கை,
எஸ்தர்