இருபதுக்கு ஒன்பது

நேற்று உன் காரியத்துக்குப் பாலக்கோடு வந்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது உன் மகள் வந்து ஒரு தாளை நீட்டினாள். மடிப்பெல்லாம் கிழிந்து, ஓரம் பழுத்துப் போயிருந்தது. மேலே சிவப்பு மையில் 9/20. என் கையெழுத்துதான். இருபத்திரண்டு வருஷமாகியும் அந்த மை மங்கித் தொலையவில்லை.

பிளஸ் டூ. நாற்பது பேர் தாளையும் திருத்தத் தமிழய்யாவுக்குச் சோம்பல். "பக்கத்துல மாத்திக்குங்க, திருத்துங்க" என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். கடைசியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தத் தாளை வைத்திருப்பவர் எழுந்து மார்க்கைச் சொல்லவேண்டும். அன்று கூடவே ஒன்று சொன்னார்: "இதுல மொத மார்க் எடுக்கிற ஆளுதான் மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு. ஒருத்தரத்தான் அனுப்ப முடியும்."

உன் தாள் என்னிடம் வந்தது. என் தாள் உன்னிடம்.

தலைப்பு 'உழவின் சிறப்பு'. நான் முன்னுரை, உட்தலைப்பு, மேற்கோள், முடிவுரை என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். நீ என்னடி எழுதியிருந்தாய்? விலை விழுந்த அன்று மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் உன் அப்பா முப்பது பெட்டி தக்காளியை ரோட்டோரம் கொட்டியதை. காலிப் பெட்டிகளைக் கழுவி அடுக்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவர் மறுபடி நாற்று வாங்கக் கிளம்பியதை. அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது. "தலைப்பை விட்டு விலகியது. மேற்கோள் இல்லை" என்று எழுதி ஒன்பது போட்டேன். எழுந்து சத்தமாகவும் சொன்னேன். நீ எனக்குப் பதினெட்டு சொன்னாய்.

மணியடித்ததும், "ஏம்புள்ள, நெசமாவே நல்லால்லையா?" என்று கேட்டாய்.

"அய்யா கேட்டது கட்டுரை. நீ உங்க வூட்டுக் கதைய எழுதி வச்சிருக்க."

தலையாட்டிக்கொண்டாய். அவ்வளவுதான்.

போட்டிக்கு நான் போனேன். பரிசு வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டே மேலே படித்து, இன்று பத்திரிகையில் பெயர் வருமளவு ஆகிவிட்டேன். நீ ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனாய். எங்கே பார்த்தாலும் "எங்க கிளாஸ்ல எழுதுறவ இவதான்" என்று எல்லோரிடமும் என்னைக் காட்டுவாய். அதில் ஒரு குத்தல் இருப்பதாகவே நினைத்தேன். இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே மன்னித்துவிட்டாள், பெரிய மனுஷி என்று உன்மேல்தான் எனக்குக் கோபம். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதனால்தான் வரவில்லை.

நேற்று உன் மகள் சொன்னாள்: "அம்மா இத பத்திரமா வச்சிருந்தாங்க சித்தி. 'எனக்கு எழுத்து வராதுன்னு அவதான் மூஞ்சிக்கு நேரா சொன்னா. இல்லன்னா வெட்டியா ஆசப்பட்டுக்கிட்டே கெடந்திருப்பேன்'னு சொல்லுவாங்க."

அடிப்பாவி! நீ என்னை மன்னிக்கவே இல்லை. நம்பியிருக்கிறாய். கூடப் படிக்கிறவளைத் தாண்டினால்தான் மேலே போகமுடியும் என்று நான் அந்த வகுப்பில் கற்றேன். கூடப் படிக்கிறவள் பொய் சொல்லமாட்டாள் என்று நீ கற்றிருக்கிறாய். உட்கார்ந்தது என்னவோ ஒரே பெஞ்சில்தான்.

அதோடு விட்டாளா உன் மகள்? பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "நானும் எழுதுறேன் சித்தி. பாத்துட்டு, வரலன்னா அம்மாகிட்ட சொன்ன மாதிரியே சொல்லிடுங்க."

'உங்கம்மாவுக்கு எழுத்து வந்துச்சு கண்ணு, நான்தான் பொய் சொன்னேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் நம் வகுப்புக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். "படிச்சுப் பாக்குறேன் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது, உன் தாளுக்குப் பக்கத்தில். முதல் மூன்று பக்கம் படித்துவிட்டேன். உன்னைவிட நன்றாக எழுதுகிறாள். என்னைவிடவும்.

படித்ததும் எனக்கு வயிறு எரிந்ததடி.