சித்தப்பா வீட்டுத் திருஷ்டிப் படம்

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், தென்னைக்கு மட்டும் வெள்ளை ஈ. ஹாம்பர்க் குளிரில் நீயும் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கொச்சிக் கண்காட்சிக்கு முன்னால் அம்மா பார்க்கட்டும் என்று நீ வரைந்து அனுப்பிய உன் முகப் படம் வந்துவிட்டது, ஆனால் நம் வீட்டுக்கு அல்ல. அன்று நாங்கள் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பக்கத்தில் புதுவீடு கட்டும் உன் சித்தப்பா கருப்புசாமி கூரியரை வாங்கிப் பிரித்திருக்கிறான். கன்னத்தில் நடந்த ஆபரேஷனுக்குப் பிறகு அவன் உன்னைப் பார்த்ததில்லை. பெரிய கண், சிவந்த தழும்பு, விரித்த கூந்தல். தான் என்னிடம் கேட்டிருந்த திருஷ்டிப் படம்தான் வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, முன்வாசல் சன்ஷேடில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் கட்டிவிட்டான். தெருவில் போகிறவர்கள் யாரும் வீட்டைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தார்கள். ஓவியத்திடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும். விஷயத்தைச் சொன்னதும், ஏனுங்ண்ணா, நம்ம பாப்பாவா இது, அப்ப இன்னும் நல்லதாப் போச்சுங்க, ஊட்டுப் புள்ளையே காவலுக்கு நிக்குது என்றான். பால் காய்ச்சி முடியும்வரை தரமாட்டானாம்.

போன கடிதத்தில் நீ, அம்மாவுக்கு என் முகம் பிடிக்கவில்லை, வீடியோவில் பேசும்போதும் அடுப்பையே பார்க்கிறாள், கண்காட்சிக்கு வரவே மாட்டாள் என்று எழுதியிருந்தாய். ஊர் பார்க்கும் இடத்தில் அந்தப் படத்தை மாட்டாதே என்று உனக்குச் சொன்னவளும் அவள்தானே. பொள்ளாச்சி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கல்யாணப் பையோடு அந்த வாசலிலேயே நின்றுவிட்டாள். கருப்புசாமிக்கு இன்று நல்ல நேரமில்லை என்று நினைத்தேன். அவளோ, தழும்பு எடது கன்னத்துலதானுங்க, இவ எதுக்கு வலது பக்கம் போட்டிருக்கறா என்றாள். கண்ணாடி பார்த்து வரைந்தால் அப்படி மாறித்தான் வரும் என்று விளக்கினேன். ஏற்கவில்லை. தன் இடது காதுக்குக் கீழே விரலை வைத்துத் தாடைவரை இழுத்துக் காட்டினாள். நடுவில் ஓரிடத்தில் விரல் வளைந்தது. உன் படத்திலும் தழும்பு அங்கேதான் வளைகிறது.

அடுப்பைப் பார்த்தவளுக்கு இது எப்படித் தெரிந்ததோ. கொச்சிக்கு ரயிலில் இடம் போடச் சொல்லிவிட்டாள். அவ எம்முன்னால வந்து உக்காரட்டும், கண்ணாடி எதுக்கு, நாஞ் சொல்றன் என்கிறாள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும், தீர்க்காயுசாக இரு. வெளியே போகும்போது கன்னத்தில் குளிர் படாமல் துணி சுற்றிக்கொள். இடது கன்னம் என்று அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்.

உன் அப்பா,
பூபதிராஜா
கொழிஞ்சாம்பாறை