ராஜாவைத் தூக்கும் பேச்சு

பிரியமுள்ள சத்தியபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? பெங்களூரில் மழை பெய்கிறது, நம்மூர் மழை மாதிரி அடித்துப் பெய்யாமல் நாளெல்லாம் சிணுங்குகிற மழை. அது கிடக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு டீ கொண்டுபோனேன். கதவுக்கு அந்தப்பக்கம் நம்மூர்ப் பக்கத்து அருமனைக்காரி ஜினிஷா பேசினாள்.

"ராஜாவ இன்னைக்கே தூக்கணும். சும்மா எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு."

"பாவம், பழைய ஆளு," என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

ராஜய்யன் என்று இங்கே யார் கூப்பிடுகிறார்கள்? எல்லாருக்கும் நான் ராஜா அண்ணன்தான். போன மாதம்தான் வாட்ச்மேனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். உள்ளே போய்க் கேட்டேவிட்டேன்: "மக்கா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஜினிஷா பதறிப்போனாள். "ஐயோ அண்ணே, ராஜாண்ணு நாங்க ஒரு புரோகிராமுக்கு வச்ச பேரு! கம்ப்யூட்டர் மெமரில எடம் பிடிச்சா திருப்பித் தராது. மன்னராட்சி மாதிரிதான, நாமதான் பிடிச்சு எறக்கணும்!"

நானும் சிரித்தேன். டம்ளர் எடுக்கப் போனபோது அவள் தணிந்த குரலில் சொன்னாள்: "ஒங்க வேலைக்கு ஒண்ணுமில்ல அண்ணே. எங்கள்லதான் பாதிப்பேர வேலைய விட்டு அனுப்பப் போறாவளாம். மாசக் கடைசில தெரியும். அதான் இப்பிடிச் சிரிச்சிட்டுக் கெடக்கோம்."

நம்மூர்ப் பேச்சுப் பேச எனக்கு இங்கே அவள் ஒருத்திதான். அவளுக்கும் சேர்த்துக் கடியப்பட்டணத்து நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கூடுதலாக அனுப்பு. மாதக் கடைசிக்கு முன்னால் வந்து சேரவேண்டும்.

பால் பொங்குகிறது, நிறுத்துகிறேன்.

உன்
ராஜய்யன்