அப்பாவின் இரண்டாவது விரல்

என் தங்கக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் வருகிற நினைப்பு அதுதான். அப்பா சுகம் என்று எழுத இப்போதுதான் கை வருகிறது. மழைக்காலம் முழுக்க நீ போனில் அப்பா எங்கே என்று கேட்டபோதெல்லாம், தூங்குகிறார், குளிக்கிறார் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். அவர் குரலைக் கேட்டாலே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான். இப்போது எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது, அதனால் பதறாமல் படி.

நாங்கள் இருவரும் சாயங்காலம் ரயில் பாலம் வரை நடப்பது உனக்குத் தெரியும். நீ ஸ்கூலில் படித்த காலத்தில், உங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் என்னதான் பேசிக்கிறீங்க என்று கிண்டல் செய்வாயே, அதே நடைதான். திடீரென்று அவர் வருவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் மழை வரும் போலிருக்கிறது என்றார், ஒரு நாள் செய்தி பார்க்க வேண்டும் என்றார், இன்னொரு நாள் காரணமே சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறவருக்கு நம் முகமும் அலுத்துவிட்டது போல என்று எனக்கு ஒரே ஆற்றாமை. வீம்புக்குத் தனியாகவே நடந்தேன். எதிரே வந்த தையல்காரம்மா, என்னக்கா, அண்ணன் வரலையா என்று கேட்டபோது, அவருக்கு வேலை இருக்கு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். பிறகு ஒரு நாள் துவைக்கப் போட்ட துணியில் அவருடைய சாக்ஸ் ஒன்று நுனியில் விறைப்பாக இருந்தது. பார்த்தால் காய்ந்த ரத்தம். நேரே போய் அவர் காலை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டாவது விரல் நடு மூட்டில் மேலே தூக்கி, நுனி கீழே மடங்கி, கொக்கி மாதிரி நிற்கிறது. மூட்டின் மேல் கால் ஆணி, அதை இந்த மனுஷர் சவர பிளேடால் சீவிச் சீவிப் புண்ணாக்கி வைத்திருக்கிறார். எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகுதான் கோபம். ஏன் சொல்லவில்லை என்றால், "சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ, அவங்க அறுக்கணும்னு சொல்வாங்க, நான் படுத்துட்டா நீ ஒருத்தியா என்ன பண்ணுவ" என்கிறார். அவர் வேலை பார்த்த கடையில் கேஷியராக இருந்தவர் விரலில் ஆபரேஷன் செய்துகொண்டு வெகுநாள் படுத்திருந்தாராம், அந்தப் பயம்.

பிடிவாதம் பிடித்துக் கூட்டிப்போனேன். கால் டாக்டர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். முதலில் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்தார், இல்லை. பிறகு விரலைப் பிடித்து மெல்ல நீட்டிப் பார்த்தார், அது நீண்டு கொடுத்தது. "இன்னும் விறைச்சுப் போகல சார், இப்போதைக்குக் கத்தி வேண்டாம்" என்றாரே பார், அப்பா விட்ட பெருமூச்சில் மேஜை மேலிருந்த காகிதம் பறந்தது. அதற்குள் டாக்டர் அவர் காலைத் தாளில் வைத்து வரைந்து, அதன் மேல் அவருடைய கூர்முனை ஷூவை வைத்தார். கால் இரண்டு பக்கமும் வழிந்து நின்றது. இப்படி ஒரு ஷூவை யார் சார் உங்க தலையில கட்டினாங்க, என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார். ஷூ கடையில் சேல்ஸ்மேன் என்றார் அப்பா. டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார், என்னால்தான் அடக்க முடியவில்லை, கடைசியில் மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

புண் ஆறியதும் வைத்தியம் ஆரம்பமானது. வெந்நீரில் கால் வைத்து எடுத்த பிறகு நான் அந்த விரலை மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும், பிளேடு பக்கமே போகக் கூடாது. ஆணி மேல் உரசாமல் மெத்தென்ற ஒரு உறை, விரலைக் கீழே பிடித்துவைக்க ஒரு பட்டை. தரையில் துண்டை விரித்துக் கால்விரல்களாலேயே சுருட்ட வேண்டும். நீ விட்டுப்போன கோலிக்குண்டுகளைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், ஒவ்வொன்றாக விரலால் கவ்விக் கிண்ணத்தில் போடுகிறார், ஒன்று உருண்டு பீரோவுக்கடியில் போனால் உன்னைப் போலவே அது கணக்கில் வராது என்று என்னிடம் வாதாடுகிறார். கெண்டைச் சதை இளக, சுவரில் கை ஊன்றி நிற்கிற பயிற்சியும் உண்டு. அதைப் பார்த்த பால்காரர், என்ன சார், வீடு சாயுதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எல்லாம் செய்தவர் ஷூவை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார். அகலமானதைக் கிழவன் ஷூ என்பார். கடையில் புது மாடலைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்பது முதலாளி வைத்த சட்டம், அதிலேயே அவர் கால் ஊறிவிட்டது. ஒருவழியாகச் சமாதானப்படுத்தி அவருடைய பழைய கடைக்கே கூட்டிப்போனேன். வாழ்நாளெல்லாம் அந்த நாற்காலிகளுக்கு முன்னால் முட்டி போட்டவர், அன்றுதான் முதல் முறையாக அதில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவருக்கு. எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை கிடைத்த புதிதில், இதே கடைக்கு வந்து, அழகாக இருக்கிறதே என்று சின்ன அளவில் ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு இவரிடம் போனேன். அளவெடுத்தவர் நிமிர்ந்து, "இதைப் போட்டுட்டு நாள் பூரா நிக்க முடியாதுங்க, ஒரு சுத்து பெரிசா எடுங்க" என்றார். என் கால் வலிக்குமே என்று கவலைப்பட்ட முதல் அந்நியர் அவர்தான், அதற்காகவே இரண்டாவது தடவை அந்தக் கடைக்குப் போனேன், மீதிக் கதை உனக்குத் தெரியும். இப்போது அந்த இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, அவர் சாக்ஸைக் கழற்றி, விரலைத் தொடாமல் பார்த்து, எங்க சார் வலிக்குது என்று கேட்டாள். என்னிடம் மாதக்கணக்காக மூச்சு விடாதவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். எது குத்தும், எது எரியும், மாடிப்படி இறங்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அகல முனை ஷூ ஒன்றை மாட்டி, நடந்து பாருங்க என்றாள். கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார், பழைய ஷூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விரல் பழையபடி நேராகிவிடாதாம், மறுபடி விறைத்தாலோ புண் வந்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஆனால் வலி விட்டுவிட்டது. நேற்று பாலத்தைத் தொட்டதும் நான் வழக்கம்போலத் திரும்பினேன், இன்னும் கொஞ்சம் போலாமா என்றார். நாங்கள் முதலில் குடியிருந்த தெரு வரை போனோம், நீ பிறந்த அந்த மாடி வீடு. கொடியில் யாரோ ஒரு குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது, ஜன்னலுக்கு இப்போது நீலப் பெயிண்ட். தெருவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். "பல்லு முளைக்கிறப்போ அழுவாளே, அவளைத் தோள்ல போட்டுட்டு இந்தத் தெருவையே சுத்துவேன், அப்ப கால் இருக்கிற ஞாபகமே இருக்காது" என்றார். திரும்பி வரும்போது நான்தான் மூச்சு வாங்கிப் பின்தங்கினேன், அவர் எனக்காக நின்று நின்று நடந்தார்.

உனக்கும் நாள் முழுக்கக் கவுன்டரில் நிற்கிற வேலை. போட்டோவில் உன் ஷூவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்பா இதை மட்டும் எழுதச் சொன்னார்: புதுசு வாங்கக் காலையில் போகாதே, வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும்போது போய் அளவு கொடு. மறக்காமல் இந்த வாரமே போ. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, குறை ஒன்றும் இல்லாமல், சேர்ந்தே நடந்து கிழமாக வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா
(அப்பா பீரோவுக்கடியில் கோலி தேடுகிறார், அவர் முத்தத்தையும் சேர்த்துக்கொள்)