ஒரு நாழித் தவிடு

நலம் பெருகுக. காலத்தில் மழை பெய்க. செவ்வாறு பாயும் நீள்வயல் நாடு முழுதுடைய கோப்பெருமாட்டி, குடிகள் உண்ட செய்தி கேட்டபின் தாம் உண்ணும் ஆழிநங்கையார், ஆழிமங்கலத்து அரண்மனையில் வீற்றிருந்து திருவாய் மொழிந்தருளியபடி, வடகரை நாட்டுப் படிச்சாலை அதிகாரி எயினன் மழவராயர் காண விடுக்கும் ஓலை.

உம் நாட்டு ஏரிகள் கரை தொட நிறைக. உம் எருதுகள் நோயின்றி உழுக. உம் இல்லத்தில் இவ்வாண்டு பிறந்ததாகக் கேட்டு மகிழ்ந்த பெண்மகவு பல்லாண்டு வாழ்க. அது உமக்கு எத்தனையாவது மகவு என்று பெருமாட்டியார் வினவவில்லை. ஏன் வினவவில்லை என்பது இவ்வோலை முடியுமுன் உமக்கு விளங்கும்.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. உழைத்துச் சோறு போட்டவனை இழந்த வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடவாதபடி, தலைக்கு இத்தனை காசு என்று திங்கள்தோறும், ஓராண்டுக்கு மிகாமல் அரசு கொடுக்கும் பால்சோற்றுப்படியை வேண்டி, உம் சாலைக்கு வந்த தாயருள் பதினேழு பேர் விளக்கைத் தொட்டுச் சொன்ன பிள்ளைக் கணக்கும், பின்னர் நீர் அவர்கள் வீட்டில் கண்ட கணக்கும் ஒவ்வவில்லை என்றும், கூட்டிச் சொல்லிப் பொருள் பறிப்பாரைக் கண்டதுண்டு, குறைத்துச் சொல்வாரைக் கண்டதில்லை என்றும், இதில் ஏதோ சூது இருக்க வேண்டும் ஆதலால் பதினேழு பேரையும் நீக்கிவிட உத்தரவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். உம் ஐயம் குற்றமன்று. நீர் கடற்கரையில் பிறந்தவர்; உள்நாட்டு வழக்கம் உமக்குப் புதிது. முப்பத்தைந்து ஆண்டுக்கு முன் கொன்றைமேட்டுப் படிச்சாலையில் இருந்த தத்தன் வேளாருக்கும் இதே ஐயம் வந்தது. அப்போது நடந்ததை உமக்கு எழுதுமாறு பெருமாட்டியார் பணித்தருளினார். அன்று பேசியவர்களின் சொற்கள் அரசவைக்கு ஏற்ற சொற்கள் அல்ல. ஆயினும் திருத்தினால் பொருள் கெடும் என்று, அவர்கள் சொன்னபடியே எழுதப்படுகின்றன.

கொன்றைமேட்டில் கிணறு வெட்டும் காரி என்பவன், வைகாசியில் ஒருநாள், பதினோராள் ஆழத்தில் மண் சரிந்து மாண்டான். அவன் மனைவி நங்கைச்சி. மேலே நின்று கூடையில் மண் இழுத்தவள் அவளே. வடம் கையில் இருக்கக் கீழே ஆள் இல்லாமல் போனது. முப்பதாம் நாள் துக்கம் கழிந்ததும் அவள் ஊர்த்தலைவரிடம் நல்லொழுக்க ஓலை ஒன்று பெற்று, இருந்த ஒரு நல்ல சேலையை உடுத்து, படிச்சாலைக்குப் போனாள். அவளுக்கு முன் வரிசையில் ஒன்பது பேர் இருந்தார்கள். அவள் முறை வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விளக்கைத் தொட்டுப் பிள்ளைகள் எத்தனை என்று சொல்லச் சொன்னார்கள். மறுகை விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, இரண்டு என்றாள். எழுத்தன் ஓலைத் துண்டு ஒன்றில் இரண்டு துளையிட்டு அவள் கையில் கொடுத்தான். வீட்டு வாசலில் அதைத் தொங்கவிட வேண்டும். அதிகாரி சொல்லாமல் வந்து எண்ணிப் பார்த்துத் துளையும் தலையும் ஒத்திருந்தால் அடுத்த திங்கள் முதல் படி கிடைக்கும். இந்த நடைமுறை இன்றும் உம் சாலையில் உள்ளதே.

ஐந்தாம் நாள் தத்தன் வேளார் வந்தார். ஒல்லியான மனிதர். ஏமாறிவிடுவோமோ என்ற அச்சம் ஒன்றே அவருக்கு இருந்த நோய். வாசலில் துளை இரண்டு. உள்ளே தலை நான்கு. பதினொரு வயது வெள்ளச்சி புளியங்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அன்றைய உணவு அதுதான். ஒன்பது வயதுப் பூதன் உரலருகே தோல் நீக்கிக்கொண்டிருந்தான். நான்கு வயதுத் தவிட்டாளும், இரண்டு வயது உமியனும் வறுபட்ட கொட்டைக்காகச் சட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவை இரண்டும் யாருடையவை என்று அவர் வினவ, நங்கைச்சி தரையைப் பார்த்தாள். பதில் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. மோர் விற்கும் சிறுகாளி, பெற்ற ஏழு பிள்ளையும் தங்கிய கைராசிக்காரி, பானையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"அது ரெண்டும் என் பிள்ளைங்க சாமி. ஆளுக்கு ஒரு நாழி தவிடு குடுத்து வாங்கினேன்."

உள்நாட்டில் பிறந்த எவருக்கும் இது புரிந்திருக்கும். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிய வீட்டில், அடுத்துப் பிறப்பதைத் தாய் தன்னது என்று வைத்துக்கொள்வதில்லை. பிள்ளை தங்கும் கை உள்ளவளுக்கு ஒரு நாழித் தவிட்டுக்கு விற்றுவிடுவாள். தவிட்டின் விலையுள்ள பிள்ளையைச் சாவு ஏறெடுத்தும் பார்க்காது என்பது நம்பிக்கை. பிள்ளை வளர்வது தாய் வீட்டில்தான்; பால் அவள் பாலே. ஆனால் ஏழு வயது நிறைந்து, அதே அளவு தவிடு கொடுத்து மீட்கும்வரை, என் பிள்ளை என்று அவள் வாய்விட்டுச் சொல்லலாகாது. மூத்ததை மீட்குமுன் இளையதும் விற்கப்பட்டால், இளையதற்கு ஏழு நிறையும்வரை மூத்ததும் காத்திருக்க வேண்டும். நங்கைச்சி பூதனுக்குப் பின் இரண்டு மகவை ஆண்டு நிறையுமுன் பறிகொடுத்தவள். விளக்கைத் தொட்டு அவள் சொன்னது பொய்யன்று. சொல்லக்கூடியதை மட்டும் சொன்னாள்.

தத்தன் வேளார் கடலோரத்தார், உம்மைப்போல. அவர் ஓலையில் எழுதியது இது: நங்கைச்சி என்பாள் மக்கள் இருவரைத் தவிட்டுக்கு விற்றாள், விற்றும் தன் வீட்டிலேயே வைத்திருக்கிறாள், பிள்ளை விற்றல் பெருங்குற்றம், படி மறுக்கப்படும், மூன்றாம் நாள் சாலைக்கு வந்து விடை சொல்லாவிடில் விற்ற இருவரும் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் தலைநகர்த் தொட்டில் மாடத்துக்கு அனுப்பப்படுவார்கள்.

மூன்றாம் நாள் ஊரே சாலையில் கூடிவிட்டது. சிறுகாளி வழக்கத்தை விளக்க, எழுத்தன் அதை ஆமோதிக்க, தத்தன் வேளார் முகம் மெல்லத் தெளிந்தது. தாம் தவறாக எழுதிவிட்டதாக அவரே எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொண்டார். ஆனால் வழியொன்று வேண்டுமே என்றார். படி, பெற்றவள் தன் பிள்ளை என்று சொல்லும் தலைக்குத்தான் உண்டு, அது விதி. ஆகையால் விளக்கைத் தொட்டு, நான்கும் என் பிள்ளைகள் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்த நொடியே இன்னும் இரண்டு துளை இடுவதாகக் கனிவாகவே சொன்னார். நங்கைச்சி விளக்கருகே போனாள். இடுப்பில் உமியன், கையைப் பிடித்துக்கொண்டு தவிட்டாள். வாய் திறந்தாள். ஓரடி பின்வாங்கினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"சொல்லச் சொல்லாதீங்க ஐயா. முன்ன ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டு தடவையும் கேட்டுக்கிட்டு வந்துருச்சு."

வந்தது எது என்று எவரும் கேட்கவில்லை. தத்தன் வேளார் எழுத்தாணியைக் கீழே வைத்தார். இரண்டு பிள்ளைக்கான படியில் ஐந்து வயிறு ஓராண்டு தாங்காது என்பதை எண்ணத் தெரிந்த எல்லோரும் அறிந்திருந்தார்கள். மிச்ச வழி தொட்டில் மாடம்தான். சிறுகாளிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இவ சொல்ல மாட்டா. நான் சொன்னா எனக்குக் காசு கிடையாது, எம் புருஷன் கல்லாட்டம் இருக்கான். அப்ப என்னதான் பண்றது? ராசாவே வாங்கிக்கிடட்டும். தவிடுதானே, அதுகூடவா அவர்கிட்ட இல்ல? அவர் பிள்ளைக்கு அவர் சோறு போடட்டும்."

கூட்டம் சிரித்தது. தத்தன் வேளார் சிரிக்கவில்லை. எழுத்தனை அழைத்து, உரிமையாளரில்லாப் பிள்ளைகளைப் பற்றிய விதியைப் படிக்கச் சொன்னார். அரசன் கைக்கொண்ட பிள்ளையைத் தகுந்த இல்லத்தில் வளரவிட்டு அதற்குரிய படியை அவ்வில்லத்தாளிடம் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. அரசன் எவ்வாறு கைக்கொள்ள வேண்டும் என்று இல்லை. தவிட்டுக்கு வாங்கலாகாது என்றும் இல்லை. அவர் எழுந்து வெளியே போய், தம் வண்டிக்காளை தின்றுகொண்டிருந்த தவிட்டுச் சாக்கைப் பிடுங்கி வந்தார். காளை பின்னாலேயே வாசல்வரை வந்து தலையை உள்ளே நீட்டி நின்றது. நாழியில் அளந்து, தலைதட்டி, சிறுகாளியின் முந்தானையில் கொட்டப் போனார். அவள் முந்தானையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"குவிச்சு அளங்க சாமி. ராசா வீட்டு அளவை தலைதட்டியா வரும்? நான் குடுத்தது குவிச்ச நாழி."

குவித்து அளந்தார், இரண்டு முறை. தவிடு மூக்கில் ஏறி உமியன் தும்மினான். சிறுகாளி அவன் தலையில் கைவைத்து, நூறாயிசு என்றாள். அரசர் பெருவேள் பெயரால் பிள்ளைகள் இருவர் இரண்டு நாழித் தவிட்டுக்கு வாங்கப்பெற்று, கொன்றைமேட்டு நங்கைச்சி இல்லத்தில் வளரவிடப்பட்டனர் என்று எழுதி, நான்கு துளையிட்ட ஓலையைத் தத்தன் வேளார் தம் கையாலேயே கொடுத்தார். அன்று அவர் காளை அரைவயிற்றோடு வீடு போனது.

இச்செய்தி தலைநகர் வந்தபோது, இந்நாள் பெருமாட்டியாரின் தந்தையாராகிய பெருவேள், தமக்கு ஒரே மகள் என்று நினைத்திருந்ததாகவும், கொன்றைமேட்டில் இன்னும் இருவர் இருப்பதை இப்போதாவது சொன்னார்களே என்றும் திருவாய் மலர்ந்து, ஆண்டுதோறும் தைமாதம் இருவருக்கும் புத்தாடை அனுப்பிவந்தார். அரசன் பிள்ளைக்குப் பள்ளிச்செலவும் உண்டு என்று வேறொரு விதி இருந்ததால் இருவரும் எழுத்துக் கற்றார்கள். தெருப்பிள்ளைகள் ராசா மகளே, மாடு மேய்க்க வா என்று கேலி செய்வார்கள். போய் மேய்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

நங்கைச்சி அந்தப் படியில் சாய்ந்து கிடக்கவில்லை. முதல் படியில் பிள்ளைகள் உண்ட ஏழாம் நாளே காரியின் கூட்டாளிகளிடம் போய், மண் இழுக்கும் கூலிக்கல்ல, கிணற்றுச் சுவர் கட்டும் வேலைக்குத் தன்னைச் சேர்க்கும்படி கேட்டாள். கணவன் மேல் சரிந்த மண்ணை இனி எவன் மேலும் சரியவிடேன் என்றாளாம். பத்தாம் திங்கள், இன்னும் இரண்டு திங்கள் படி இருக்க, போதும் என்று சொல்லி வாங்குவதை நிறுத்திக்கொண்டாள். அவள் கட்டிய கிணறுகள் அறுபத்துமூன்று. ஒன்றும் சரியவில்லை.

உமியனுக்கு ஏழு நிறைந்த தைமாதம், இரு பிள்ளைகளையும் முன்னால் நடக்கவிட்டு அவள் மீண்டும் படிச்சாலைக்கு வந்தாள். தலையில் கூடை. தன் கூலி நெல்லைக் குத்தித் தானே புடைத்தெடுத்த தவிடு அது. தத்தன் வேளார் நாழியை எடுத்துவர, அவரை அளக்கவிடாமல் தானே அளந்தாள், குவித்து அளந்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, அங்கே நின்று கேட்க யாரேனும் இருந்தால் நன்றாகக் கேட்கட்டும் என்பதுபோல், உரத்த குரலில் சொன்னாள்:

"இது என் மக. இது என் மவன்."

ஒன்பது ஆண்டு வாய்க்குள் வைத்திருந்த சொல். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது அந்தப் பிள்ளைகள் பார்த்தது அன்று ஒருநாள்தான். காரி இறந்தபோதும் அவர்கள் முன் அவள் அழுததில்லை.

ஆகவே, மழவராயரே, குறைத்துச் சொன்ன உம் பதினேழு தாயரும் சூதுக்காரர் அல்லர். பறிகொடுத்தவர்கள். இவ்வோலை கண்ட நாளே அவர்களை அழைத்து, நிறுத்திவைத்த திங்களுக்கும் சேர்த்துப் படி கொடுத்தருள்க. இனி எந்தத் தாயையும் பிள்ளை எத்தனை என்று விளக்கைத் தொட்டுச் சொல்லவைக்கற்க. கண் படைத்த அதிகாரி வீட்டுக்குப் போய், கண்ட தலைக்குத் துளையிடுக. எண்ணும்போது வாய்விட்டு எண்ணற்க. தவிட்டுப் பிள்ளை எனத் தெரியவந்தால் பெருமாட்டியார் பெயரால் வாங்கிக்கொள்க. அதன்பொருட்டு நாட்டிலுள்ள படிச்சாலை ஒவ்வொன்றிலும் தவிட்டுக்கூடை ஒன்று குறையாமல் இருக்கக் கடவது. நாழியைத் தலைதட்டற்க.

நங்கைச்சி சென்ற பங்குனி வளர்பிறை ஏழாம் நாள், எழுபத்து நான்காம் அகவையில், தன் வீட்டில், பிள்ளைகள் நால்வரும் சூழ இருக்க இறந்தாள். அவள் பெட்டியிலிருந்து எடுத்த நான்கு துளை ஓலை, உமக்குச் சான்றாக இத்துடன் கோத்து அனுப்பப்படுகிறது. ஓரம் நைந்திருக்கிறது, விரல் படாமல் பார்க்கவும். பார்த்தபின் இவ்வோலை கொணர்ந்தவன் கையிலேயே திருப்பி அனுப்பவும். அரசுக்கு அது வேண்டியதில்லை. வேண்டியவர் உளர்.

செவ்வாற்றில் நீரும் நாழியில் குவிப்பும் உள்ளவரை இவ்வாணை நிற்க. ஏர்முனை பொறித்த பெருமாட்டியாரின் முத்திரை இடப்பட்டது. வடகரை வாழ்க, அங்குள்ள பிள்ளைகள், எத்தனை பேராயினும், வாழ்க.

பெருமாட்டியார் திருவாய்மொழி கேட்டு எழுதினேன். இவை அரண்மனை ஓலைநாயகம், கொன்றைமேட்டு நங்கைச்சி மகள் தவிட்டாள் எழுத்து.